ஷேட், ஷேடோ: எந்த நிழலுக்கு எந்தச் சொல்? முழுமையான வழிகாட்டி

வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறோம், அது நிழல். சுவரில் நம் உருவம் விழுகிறது, அதுவும் நிழல். தமிழில் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் முதலாவது ஷேட், இரண்டாவது ஷேடோ. பள்ளிக்கூடத்தில் இந்த அளவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கூலிங் கிளாஸுக்கு ஷேட்ஸ் என்று பெயர், ஆனால் கண்ணிமையில் பூசுவது ஐ ஷேடோ. பெயின்ட் கடையில் இருப்பது ஷேட் கார்டு, பிரிட்டன் எதிர்க்கட்சி வைத்திருப்பது ஷேடோ கேபினட். தேர்வுத் தாளில் வட்டத்தை ஷேட் செய்யச் சொல்கிறார்கள், டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஷேடோ என்கிறார்.

அகராதி இவற்றை எண் போட்டு வரிசையாக அடுக்கிவைக்கும். அந்த வரிசையை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்றே நினைக்கிறேன். ஷேடோவுக்கு ஓர் உருவமும் அந்த உருவத்துக்கு ஓர் உடையவரும் உண்டு. ஷேட் என்பது ஓர் இடம், அல்லது ஓர் அளவு. இந்த வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பொருள்கள் தாமாகவே விளங்கிவிடும். மிஞ்சுபவை சில விதிவிலக்குகள்தான், அவற்றை முழுத் தொடராகவே படித்துக்கொள்ளலாம்.

படி 1: இரண்டும் ஒரே சொல்லாக இருந்தவை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் தமிழைப் போலவே பெயர்ச்சொல் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறும். 'மரம்' என்ற சொல் உருபு ஏறும்போது 'மரத்து' என்று ஆகி, மரத்தை, மரத்தில், மரத்தின் என்று வருகிறது இல்லையா? அதே மாதிரி பழைய ஆங்கிலத்தில் நிழலைக் குறித்த சொல்லுக்கும் எழுவாய் வடிவம் ஒன்று, உருபு ஏற்கும் வடிவம் வேறு. எழுவாய் வடிவத்திலிருந்து வந்தது ஷேட். உருபு ஏற்கும் வடிவத்தின் கடைசியில் ஒரு வகர ஒலி இருந்தது, அதிலிருந்து வந்தது ஷேடோ. பிறகு ஆங்கிலம் வேற்றுமை உருபுகளை உதறியபோது இரண்டு வடிவங்களும் தனித்தனிச் சொற்களாகப் பிழைத்துக்கொண்டன. புல்வெளியைக் குறிக்கும் மெடோ என்ற சொல்லும், இன்று கவிதையில் மட்டும் தென்படும் மீட் என்ற அதன் இரட்டையும் இதே பாதையில் வந்தவை. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் அன்றாடப் பேச்சுக்கு ஷாட்டன் என்ற ஒரே சொல்தான். மர நிழலும் அதுதான், ஆள் நிழலும் அதுதான்.

இந்தப் பூர்விகம் எதற்கு என்றால், எல்லைக் கோடு ஏன் சில இடங்களில் மங்கலாக இருக்கிறது என்பது இதனால் புரியும். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சொற்களும் நெடுங்காலம் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்துகொண்டிருந்தன. 1611இல் வெளியான ஆங்கில பைபிளில் 121ஆம் சங்கீதம் (துதிப் பாடல்) கடவுளை ஷேட் என்கிறது, 91ஆம் சங்கீதம் அவருடைய ஷேடோவில் தங்குவதைச் சொல்கிறது. இரண்டுமே பாதுகாப்பு என்ற பொருளில்தான். தமிழ் பைபிளில் இரண்டு இடத்திலும் நிழல். பழைய நூல்களைப் படிக்கும்போது இன்றைய விதியை அவற்றின் மேல் திணிக்க வேண்டாம்.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷேட் என்பதில் உயிர் நீண்டு ஒலிக்கும். ஷேடோ என்று நாம் எழுதினாலும் ஆங்கிலத்தில் அதன் முதல் உயிர் குறில்தான், கேட் என்று பூனையைச் சொல்லும்போது வருகிற அதே ஒலி.

படி 2: இரண்டு கேள்விகள்

ஒரு வாக்கியத்தை எழுதும் முன் கேளுங்கள்: இந்த நிழலுக்கு உருவம் இருக்கிறதா? இது யாருடைய நிழல் என்று சொல்ல முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஷேடோ. உருவம் முக்கியமில்லை, வெயில் படாத இடம் என்பதுதான் முக்கியம் என்றால் ஷேட்.

நிலா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். பௌர்ணமி இரவில் மொட்டை மாடியில் நடந்தால் உங்களுக்கு ஷேடோ உண்டு. ஆனால் நிலா வெளிச்சம் சுடுகிறது என்று யாரும் ஒதுங்குவதில்லை, அதனால் அங்கே ஷேட் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதைவிடக் கச்சிதமான உதாரணம் சென்னையிலேயே ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. ஏப்ரல் 24ஆம் தேதி வாக்கிலும் ஆகஸ்ட் 18ஆம் தேதி வாக்கிலும் நண்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வரும். செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். நிழலில்லா நாள் என்று தமிழில் சொல்கிறோம், ஆங்கிலத்தில் ஜீரோ ஷேடோ டே. அதை ஜீரோ ஷேட் டே என்று சொன்னால் பொருளே தலைகீழாகிவிடும். ஏனென்றால் அந்த நேரத்திலும் புங்க மரத்தடியில் நிழல் இருக்கத்தான் செய்கிறது, நின்று இளைப்பாறலாம். பக்கவாட்டில் நீளும் உருவம்தான் அன்றைக்கு இல்லை. ஷேடோ போய்விட்டது, ஷேட் அங்கேயே இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையை ஆங்கிலத்தில் சொன்னாலும் ஷேடோ என்றுதான் சொல்ல வேண்டும். (கதை உண்மையில்லை. நிழல் நன்றாகவே தரையில் விழுகிறது, காலையிலோ மாலையிலோ போனால் பார்க்கலாம்.)

அளக்கும் விதத்திலும் இந்த வேறுபாடு வெளிப்படும். ஷேடோவை நீளத்தால் அளப்பார்கள். சூரியக் கடிகாரம் வேலை செய்வதே அப்படி ஒரு நிழலின் திசையையோ நீளத்தையோ வைத்துத்தான். ஷேடை சதவீதத்தால் அளப்பார்கள். நாற்றங்காலுக்கு மேலே கட்டும் பச்சை வலையை நம் விவசாயிகள் 50 சதவீத ஷேட் நெட் என்று கேட்டு வாங்குகிறார்கள், வெளிச்சத்தில் பாதியை அது தடுக்கும் என்று பொருள். ஷேடோவுக்கு சதவீதம் போட்டுப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.

படி 3: தமிழ் வினைச்சொல்லைக் கேளுங்கள்

நிழல் என்ற பெயர்ச்சொல் வேறுபாட்டை மறைத்தாலும் அதோடு சேரும் தமிழ் வினை காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

நிழல் தருகிறது, நிழலில் ஒதுங்கு, நிழலில் உட்கார், நிழலில் காயவை என்று வந்தால் ஷேட். முருங்கைக் கீரையை நிழலில் உலர்த்துவது ஷேட் டிரையிங். நிழல் விழுகிறது, நிழல் படிகிறது, நிழலாடுகிறது, நிழல் போலத் தொடர்கிறது என்று வந்தால் ஷேடோ.

திருக்குறளிலேயே பழகிப் பார்க்கலாம். தீமை செய்தவரின் கேடு அவர் காலடியை விட்டு நீங்காத நிழலைப் போல உடன் இருக்கும் என்கிறது 208ஆம் குறள். உடையவர் இருக்கிறார், ஒட்டிக்கொண்டு வருகிறது: ஷேடோ. உழவர்கள் பல அரசர்களின் குடை நிழலையும் தம் அரசனின் குடைக்கீழ்க் கொண்டுவருவார்கள் என்கிறது 1034. குடை தரும் நிழல், அதன் கீழ் தங்கும் மக்கள்: ஷேட். இப்படிக் குடையைப் பேசும்போது ஆங்கிலத்தின் அம்ப்ரெல்லா என்ற சொல்லும் நினைவுக்கு வரும். லத்தீனில் நிழலைக் குறிக்கும் அம்ப்ரா என்பதிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்த சொல் அது, மூலப்பொருள் சின்ன நிழல். வெயிலுக்குப் பிடித்த குடைதான் முதலில்.

படி 4: ஷேட் எப்படிக் கிளை விடுகிறது

முதல் கிளை, வெளிச்சத்தைத் தடுக்கும் பொருள்கள். இடத்திலிருந்து அந்த இடத்தை உண்டாக்கும் சாமானுக்குச் சொல் தாவிவிட்டது. விளக்கின் மேல் கவிழ்க்கும் லேம்ப்ஷேட், ஜன்னலுக்கு மேலே கொத்தனார் போடும் சன்ஷேட், அமெரிக்காவில் ஜன்னல் திரைக்குச் சொல்லும் ஷேட், கண்ணுக்குப் போடும் ஷேட்ஸ் எல்லாம் இந்த வகை. காபித் தோட்டத்தில் வெயில் தாங்குவதற்காக நடும் சில்வர் ஓக் போன்றவை ஷேட் ட்ரீ. இவை எதையும் ஷேடோ என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கிளைதான் வளமானது. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் ஷேட் என்ற சொல்லுக்கு அளவு என்ற பொருள் வந்தது, அங்கிருந்து நிறத்துக்குப் போனது. ஜவுளிக்கடையில் "இதே கலர்ல கொஞ்சம் லைட் ஷேட் காட்டுங்க" என்று நாம் தமிழிலேயே கேட்கிறோம். ஆங்கிலத்திலும் அதே பொருள்தான். பொதுப் பேச்சில் ஒரு நிறத்தின் எந்தச் சாயலும் ஷேட். ஓவியர்கள் மட்டும் கறாராகப் பிரிப்பார்கள்: வெள்ளை கலந்தால் டின்ட், சாம்பல் கலந்தால் டோன், கறுப்பு கலந்தால்தான் ஷேட். பெயின்ட் கடைக்காரரிடம் இந்தக் கண்டிப்பைக் காட்ட வேண்டாம்.

நிறத்திலிருந்து கருத்துக்கும் போனது. இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய பொருள் வேறுபாடு 'ஷேட் ஆஃப் மீனிங்'. பல தரப்பு அரசியல் கருத்துகளைச் சொல்லும்போது 'ஆல் ஷேட்ஸ் ஆஃப் ஒப்பீனியன்'. நீலம் மெல்லப் பச்சையாக மாறினால் ஒன்று இன்னொன்றாக 'ஷேட்ஸ் இன்டு'. அப்புறம் கொஞ்சூண்டு என்ற பொருள். சட்டை 'எ ஷேட் டூ லாங்' என்றால் துளி நீளம் கூடிவிட்டது. பிரிட்டனில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள் மயிரிழையில் ஜெயித்ததை 'ஷேடட் இட்' என்று எழுதுவார்கள். இவை எல்லாம் படிப்படியாகக் கூடிக் குறையும் அளவுகள், அதனால் ஷேட் குடும்பம்.

கறுப்பாக்குதல் மூன்றாவது. போட்டித் தேர்வின் ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்புவது ஷேட் செய்வது. கணக்குப் புத்தகத்தின் 'நிழலிட்ட பகுதியின் பரப்பளவு காண்க' என்பது ஷேடட் ரீஜன். அங்கே எந்தப் பொருளின் நிழலும் விழவில்லை, காகிதத்தில் ஓர் இடம் கருமையாக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தனியாக நிற்பவை இரண்டு உண்டு. கிரேக்க, ரோமானியக் கதைகளில் பாதாள உலகத்தில் உலவும் இறந்தவர்களின் ஆவி ஷேட். அதிலிருந்து, ஒரு பழைய சம்பவத்தை நினைவூட்டும் எதையாவது பார்த்தால் 'ஷேட்ஸ் ஆஃப்' என்று அந்தப் பழையதின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். இன்னொன்று இன்றைய இளைஞர் பேச்சில் அடிபடும் 'த்ரோ ஷேட்'. ஜாடையாகக் குத்திப் பேசுவது என்று பொருள். நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன் அமெரிக்க பால்ரூம் வட்டாரங்களில், பெண் வேடமிட்டு அரங்கேறும் கலைஞர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் கூடிய இடங்களில் வளர்ந்த சொல் இது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2017இல் இதைச் சேர்த்துக்கொண்டது. இதை 'த்ரோ ஷேடோ' என்று மாற்றினால் சுவரில் நிழல் விழச் செய்வது என்று ஆகிவிடும். அலுவலகக் கடிதத்தில் இதை எழுத வேண்டாம், நண்பர்களோடு பேச மட்டும்.

படி 5: ஷேடோ எப்படிக் கிளை விடுகிறது

நிழலின் குணங்களை ஒவ்வொன்றாக எடுத்தால் போதும், கிளைகள் வந்துவிடும்.

நிழல் கூடவே வரும். அதனால் துப்பறிகிறவர் ஒருவரைப் பின்தொடர்வது ஷேடோ செய்வது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மூத்தவர் கூடவே இருந்து கற்றுக்கொள்வது ஜாப் ஷேடோயிங். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிரில் எதிர்க்கட்சியின் ஒருவர் அதே துறையைக் கவனித்துக் கேள்வி கேட்பார், அவர் ஷேடோ மினிஸ்டர். நம் பத்திரிகைகளில் நிழல் அமைச்சரவை என்று வருவது இதுதான்.

நிழலுக்கு உருவம் உண்டு, உடம்பு கிடையாது. நோயில் இளைத்துப்போனவர் 'எ ஷேடோ ஆஃப் ஹிஸ் ஃபார்மர் செல்ஃப்', பழைய ஆளின் வெறும் நிழல். சந்தேகத்தின் சாயை கூட இல்லை என்பதற்கு 'விதவுட் எ ஷேடோ ஆஃப் டவுட்'. மொழிபெயர்க்கிறவர்கள் இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கிரிமினல் வழக்கில் நீதிமன்றம் கேட்கும் அளவுகோல் 'ரீசனபிள் டவுட்', அதாவது நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது. ஷேடோ ஆஃப் டவுட் அதைவிடக் கடுமையான பேச்சு வழக்கு, சட்டத்தின் அளவுகோல் அதுவல்ல. சினிமா வசனத்தில் கேட்டதைத் தீர்ப்புச் செய்தியில் எழுதிவிடக் கூடாது.

உண்மையான ஒன்றைப் போலவே இயங்கி, அதன் கட்டுப்பாடுகளுக்கு வெளியே இருப்பதும் நிழல்தான். ஷேடோ பேங்கிங் என்ற சொல்லை 2007இல் பால் மெக்கல்லி என்ற அமெரிக்கப் பொருளாதார வல்லுநர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வங்கி செய்யும் வேலையையே செய்து, வங்கிகளுக்கு உள்ள முழுக் கட்டுப்பாடும் பாதுகாப்பும் இல்லாத நிறுவனங்களை அது குறிக்கும். 2018இல் இந்தியாவில் வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் நெருக்கடியில் சிக்கியபோது ஆங்கிலச் செய்திகளில் இந்தச் சொல் அதிகம் வந்தது.

தடுக்கப்பட்டதால் ஒன்று வராமல் போன இடமும் ஷேடோதான், தடுப்பது யார் என்று சொல்ல முடிந்தால். மழை மறைவுப் பகுதிக்கு ஆங்கிலத்தில் ரெயின் ஷேடோ. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே இறக்கிவைத்துக்கொள்ள, தமிழ்நாட்டின் பெரும்பகுதி அதன் மறைவில் கிடக்கிறது. அதனால்தான் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை உயிராக இருக்கிறது. இங்கே நிழலை விழச் செய்தது மலை, ஒளிக்குப் பதில் மழை. இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொண்டாலே ஷேடோவின் தர்க்கம் கைக்கு வந்துவிடும்.

கிரகணமும் ஷேடோவின் வேலைதான். 2019 டிசம்பர் 26 அன்று நிலவின் நிழல் கோவை, திண்டுக்கல் வழியாகக் கடந்தபோது வளையச் சூரியன் தெரிந்தது. சோதிடத்தில் ராகுவும் கேதுவும் சாயா கிரகங்கள், ஆங்கிலத்தில் ஷேடோ பிளானட்ஸ்.

எக்ஸ்ரேயில் சொல்லும் ஷேடோவும் இதே வகை. கதிரை ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது என்று பொருள். நுரையீரல் படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும், கறுப்பைத் தேடிப் பயப்பட வேண்டாம். காலையில் மழித்த முகத்தில் மாலைக்குள் அரும்பும் தாடி 'ஃபைவ் ஓ கிளாக் ஷேடோ'. 1930களில் அமெரிக்க பிளேடு விளம்பரங்கள் பரப்பிய சொல் இது.

ஐ ஷேடோவைக் குழப்பமாக நினைக்கிறவர்கள் உண்டு. இமை மேல் நிழல் விழுந்த தோற்றத்தைத் தருவதால் அது ஷேடோ. அந்த டப்பாவில் உள்ள ஒவ்வொரு நிறமும் ஒரு ஷேட். ஒரே பெட்டிக்குள் இரண்டு சொற்களும் தம் தம் வேலையைச் செய்கின்றன.

படி 6: அப்பாவின் நிழலில் வளர்ந்தவர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். தமிழில் "அப்பாவின் நிழலில் வளர்ந்தேன்" என்றால் அது நன்றி. வெயில் படாமல் காத்தார் என்று பொருள். அதையே ஆங்கிலத்தில் 'ஐ க்ரூ அப் இன் மை ஃபாதர்ஸ் ஷேடோ' என்று எழுதினால் அது குறை. அப்பா பெரிய ஆள், அவர் புகழுக்கு முன்னால் நான் யார் கண்ணிலும் படவில்லை என்று அர்த்தமாகும். சேர்க்கை விண்ணப்பத்திலும் நன்றியுரையிலும் இப்படி எழுதினால், அப்பாவை வாழ்த்த நினைத்த பிள்ளை அவர் மேல் புகார் சொன்னதாக வாசிக்கப்படும்.

சரி, ஷேடோவை எடுத்துவிட்டு ஷேட் போட்டால்? அதுவும் சரிவராது. 'இன் மை ஃபாதர்ஸ் ஷேட்' என்பது இயல்பான ஆங்கிலம் இல்லை. ஒருவரை 'புட் இன் தி ஷேட்' செய்வது என்றால் அவரை மங்கச் செய்வது, ஓவர்ஷேடோ என்பதற்குக் கிட்டத்தட்ட அதே பொருள். ஆங்கிலத்தில் மனிதரோடு சேரும்போது இரண்டு நிழலுமே வெளிச்சத்தைப் பறிப்பவை. பாதுகாப்பைச் சொல்ல வேண்டுமானால் நிழலையே விட்டுவிட்டு 'அண்டர் மை ஃபாதர்ஸ் கேர்' என்றோ, பறவையின் சிறகைச் சொல்லி 'அண்டர் ஹிஸ் விங்' என்றோ எழுத வேண்டும்.

காரணம் தட்பவெப்பம் என்பது என் ஊகம். வெயில் கொளுத்தும் மண்ணில் நிழல் என்றால் அருள், குடையும் ஆலமரமும் அப்படித்தான் நம் இலக்கியத்தில் வருகின்றன. வெயிலுக்கு ஏங்கும் வட நாடுகளில் நிழல் என்றால் குறை. மேற்காசியாவில் பிறந்த சங்கீதங்களில் நிழல் பாதுகாப்பாக வருவதும் இதோடு பொருந்துகிறது.

மறுபக்க மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். ஆங்கிலச் செய்தியில் 'லிவிங் இன் தி ஷேடோ ஆஃப் வார்' என்று இருந்தால் 'போரின் நிழலில் வாழ்கிறார்கள்' என்று இன்று எழுதிவிடுகிறார்கள். வாசகருக்குப் பழகிவிட்டது, தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 'போர் அச்சத்தில்', 'போர் சூழ்ந்த நிலையில்' என்பவை தமிழாக ஒலிக்கின்றன. 23ஆம் சங்கீதத்தில் ஆங்கிலம் ஷேடோ ஆஃப் டெத் என்று சொல்லும் இடத்தில் தமிழ் பைபிள் 'மரண இருள்' என்கிறது. அங்கே நிழல் என்று போட்டிருந்தால் மரணம் இதம் தருவதாகத் தொனித்திருக்கும்.

படி 7: சின்ன இலக்கணம், பெரிய மாற்றம்

ஒதுங்கும் இடம் என்ற பொருளில் ஷேட் எண்ண முடியாத பெயர். 'இன் தி ஷேட்', 'சம் ஷேட்' என்று வரும். அதற்கு முன்னால் 'எ' போட்டால் பொருள் மாறிவிடும்: ஒரு நிறச் சாயல், துளி அளவு, அல்லது ஒரு விளக்கு மூடி. பன்மையாக்கினால் நிறங்கள், கூலிங் கிளாஸ், ஆவிகள். மரத்தடியில் உட்கார்ந்ததைச் சொல்லும்போது 'எ ஷேட்' என்று எழுதுவது நம்மிடம் அடிக்கடி காணும் பிழை.

ஷேடோ எண்ணக் கூடியது, 'எ ஷேடோ', 'டூ ஷேடோஸ்'. எதுவும் சேர்க்காமல் 'இன் ஷேடோ' என்றால் வெளிச்சம் படாமல் இருப்பது, முகத்தின் பாதி இருளில் இருந்ததைச் சொல்ல உதவும். 'இன் தி ஷேடோஸ்' என்ற பன்மை ஒரு விதிவிலக்கு: உருவமும் உடையவரும் இல்லாத பொது இருட்டு, மறைவு. ஒளிந்திருப்பவரும் ரகசியமாக இயங்குபவரும் அங்கேதான் இருப்பார்கள்.

பெயரடைகளில் தவறினால் மனவருத்தமே வரும். மரம் ஷேடி, தெரு ஷேடி என்றால் நிழலான, இதமான என்று பொருள். ஆள் ஷேடி, வியாபாரம் ஷேடி என்றால் மோசடி வாடை. ஷேடோயி என்பதில் குற்றச்சாட்டு அந்த அளவுக்கு இல்லை. தெளிவாகத் தெரியாத, யாரென்று புரியாத என்று பொருள். இருட்டில் நின்ற ஓர் உருவம் ஷேடோயி. அவர் கள்ள நோட்டு மாற்றுகிறவர் என்று தெரிந்த பிறகுதான் ஷேடி.

படி 8: வரைகிறவர்களுக்கும் கிராபிக்ஸ் செய்கிறவர்களுக்கும்

இரண்டு சொற்களின் எல்லை இந்தத் துறையில்தான் மிகத் துல்லியமாக வரையப்பட்டிருக்கிறது. பென்சிலால் ஒரு மாம்பழம் வரைகிறீர்கள். பழத்தின் மேல், வெளிச்சம் படும் பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கருமை கூட்டுவது ஷேடிங். மேசை மேல் அந்தப் பழம் விழச் செய்யும் இருண்ட உருவம் காஸ்ட் ஷேடோ. முதலாவது அளவு, இரண்டாவது உருவம். படி 2இல் பார்த்த அதே வேறுபாடு.

கம்ப்யூட்டருக்கு இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் விளக்கை நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற நிறம் கொடுப்பது ஷேடிங். 1971இல் ஆன்ரி கூரோ வெளியிட்ட முறையும் 1975இல் ஃபோங் வெளியிட்ட முறையும் இதற்கானவை. இவற்றை மட்டும் வைத்துப் படம் உருவாக்கினால் பந்து உருண்டையாகத் தெரியும், ஆனால் தரையில் அதன் நிழல் இருக்காது. அது அந்தரத்தில் மிதப்பது போல இருக்கும். விளக்குக்கும் தரைக்கும் நடுவே வேறு ஏதாவது மறைக்கிறதா என்று தனியாகச் சோதித்தால்தான் நிழல் விழும். அதற்கு 1978இல் லான்ஸ் வில்லியம்ஸ் காட்டிய வழிதான் ஷேடோ மேப்பிங். விளையாட்டு மென்பொருளின் செட்டிங்கில் ஷேடர் (ஷேடிங் செய்யும் நிரல்) குவாலிட்டி ஒரு வரியாகவும் ஷேடோ குவாலிட்டி வேறு வரியாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஷேடோவை அணைத்தாலும் உருவங்கள் முப்பரிமாணமாகத் தெரிவது இதனால்தான்.

படி 9: கையால் செய்து பார்க்க

விடையைப் படிக்கும் முன் நீங்களே முடிவு செய்யுங்கள்.

புளிய மரத்து நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ஷேட். 'இன் தி ஷேட் ஆஃப் எ டாமரிண்ட் ட்ரீ'.

மாலையில் தென்னை மரங்களின் நிழல் வயலில் நீண்டு கிடந்தது. நீளம் வந்துவிட்டது, ஷேடோ. மரங்கள் பல என்பதால் ஷேடோஸ்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் அவள் முகத்தில் கவலையின் நிழல் படர்ந்தது. வினை படர்தல், ஷேடோ. 'எ ஷேடோ கிராஸ்ட் ஹர் ஃபேஸ்' என்பது ஆங்கிலத்திலும் பழகிய தொடர்.

ரசத்தில் உப்பு ஒரு துளி கூடிப்போச்சு. தமிழில் நிழலே இல்லை, ஆங்கிலத்தில் ஷேட் வருகிறது: 'எ ஷேட் டூ சால்ட்டி'. தமிழ் வாக்கியத்தில் நிழல் இல்லாததால் படி 3இன் கருவி இங்கே கைகொடுக்காது. இந்த மாதிரித் தொடர்களை முழுதாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் நிழலில் நாங்கள் எல்லோரும் ஆளானோம். இரண்டும் வேண்டாம், படி 6ஐப் பாருங்கள்.

பக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியால் எங்கள் மாடித் தோட்டம் நாள் முழுக்க நிழலில் கிடக்கிறது. இதற்கு இரண்டு விடையும் சரி. கட்டடத்தின் உருவம் தோட்டத்தின் மேல் விழுவதைச் சொன்னால் 'இன் தி ஷேடோ ஆஃப் தி பில்டிங்'. செடிகளுக்கு எவ்வளவு வெயில் கிடைக்கிறது என்பதைச் சொன்னால் 'இன் ஷேட்'. நர்சரியில் செடி வாங்கப் போகும்போது இரண்டாவதுதான் உதவும். ஃபுல் ஷேட், பார்ஷியல் ஷேட் என்று செடிகளைப் பிரித்துச் சொல்வார்கள். கற்பூரவல்லியும் புதினாவும் அரை நிழலில் வரும், கத்தரியும் தக்காளியும் அங்கே சரியாகக் காய்க்காது.